ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள்!

சிஇடி ரேங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியல் போடும் பெங்களூரு குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஏப்ரல் 16, 17 தேதிகளில் நடந்த கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சிஇடியின் முடிவு மே 24-ம் தேதி வெளியானது. எந்த ஆண்டானாலும், முடிவு வந்ததும் பெங்களூரு வீடுகளில் இரண்டாவது பரீட்சை தொடங்கிவிடுகிறது. அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். “இந்த ரேங்க்குக்கு எந்த காலேஜ் வரும்?” “ஆப்ஷன் என்ட்ரியில் எதை முதலில் போடுவது?”

பிள்ளை இரண்டு வருடம் உழைத்து வாங்கிய ரேங்க், ஒரு தப்பான பட்டியலால் வீணாகிவிடலாம். பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு அளவுக்கு மீறிய ஆசை அல்ல, அளவுக்கு மீறிய பயம். “நமக்கு அதெல்லாம் கிடைக்காது” என்று நல்ல கல்லூரிகளைத் தாங்களே அடித்துவிட்டு, கட் ஆஃப் பட்டியலைப் பார்த்து ‘கிடைக்கக்கூடியதை’ முதலிடத்தில் எழுதிவிடுகிறார்கள். ஒதுக்கீடு நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் இந்தப் பயம் தேவையில்லை. பட்டியலின் வரிசையை விருப்பம் தீர்மானிக்கட்டும். பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை ரேங்க் தீர்மானிக்கட்டும்.

இந்தப் பட்டியல் சும்மா வந்ததல்ல

தனியார் கல்லூரி வாசலில் பணத்தோடு நின்றால்தான் சீட் என்ற காலம் ஒன்று இருந்தது. 1989-ல் கர்நாடக அரசு வெளியிட்ட அறிவிக்கையில், தனியார் மருத்துவக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவர்களுக்கு 25,000 வரை, வெளிமாநிலத்தவருக்கு 60,000 வரை என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. இதை எதிர்த்த மோகினி ஜெயின் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் நன்கொடை வசூலைச் சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு வந்த உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தகுதி அடிப்படையிலான பொதுச் சேர்க்கைக்கு வழி போட்டது. 1994-ல் பெங்களூருவில் சிஇடி செல் பிறந்தது. அதுதான் இன்று மல்லேஸ்வரம் சம்பிகே சாலையில் இருந்து இயங்கும் கர்நாடகத் தேர்வு ஆணையம், சுருக்கமாக கே.இ.ஏ.

2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு தனியார் கல்லூரிகளின் உரிமையை விரிவாக்கியதால் சீட்டுகள் பங்கு பிரிந்தன. சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் பொதுவாக 45 சதவீதம் கே.இ.ஏ.வுக்கு, 30 சதவீதம் தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பான காமெட்கேவுக்கு, மீதி 25 சதவீதம் நிர்வாகத்துக்கு. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் மூன்று பிள்ளைகள் மூன்று விதமான கட்டணம் கட்டியிருப்பார்கள். கே.இ.ஏ. சீட்டைவிட காமெட்கே சீட்டுக்குக் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. ஆகவே சிஇடி பட்டியலைச் சரியாகப் போடுவது, நடுத்தரக் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுச் சேமிப்பைக் காப்பாற்றும் வேலையும்கூட.

மதிப்பெண் வேறு, ரேங்க் வேறு

சிஇடியில் ஒரு பாடத்துக்கு 60 கேள்விகள், 60 மதிப்பெண், 80 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பொறியியல் ரேங்க்குக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்று பாடங்களில் எடுத்த சிஇடி மதிப்பெண் பாதி, அதே பாடங்களில் எடுத்த பியுசி அல்லது 12-ம் வகுப்பு மதிப்பெண் பாதி என்று சேர்க்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவி பியுசியில் 300-க்கு 270, அதாவது 90 சதவீதம். சிஇடியில் 180-க்கு 110, அதாவது 61.11 சதவீதம். இரண்டின் சராசரி 75.56. இன்னொரு மாணவர் பியுசியில் 288, சிஇடியில் 99. அவருடைய சராசரி 75.5. பியுசியில் 18 மதிப்பெண் முன்னால் நின்றவர், சிஇடியில் 11 மதிப்பெண் குறைந்ததால் பின்னால் போய்விட்டார். இந்தக் கணக்கில் சிஇடியின் ஒரு மதிப்பெண், பியுசியின் ஒன்றே முக்கால் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவான எடை கொண்டது.

காமெட்கே தேர்வு வேறு மாதிரி. 3 மணி நேரம், 180 கேள்விகள், ரேங்க்குக்குத் தேர்வு மதிப்பெண் மட்டுமே. பியுசியில் நன்றாக எழுதி, நுழைவுத் தேர்வில் தடுமாறிய பிள்ளைக்கு சிஇடி கைகொடுக்கும். போர்டு தேர்வில் சறுக்கி நுழைவுத் தேர்வில் மின்னிய பிள்ளைக்கு காமெட்கே கைகொடுக்கும். எந்தப் பட்டியலுக்கு அதிக நேரம் செலவிடுவது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

மதிப்பெண்ணைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது ஆபத்தானது. 2024 நீட் தேர்வின் முதல் முடிவில் 67 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். திருத்திய முடிவில் அது 17 ஆனது. 2025-ல் கடினமான தாள் வந்தது. நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. சிஇடியிலும் 2024-ல் பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்கப்பட்ட 50 கேள்விகளைக் கே.இ.ஏ. மதிப்பீட்டிலிருந்து நீக்க வேண்டிவந்தது. “பக்கத்து வீட்டு அக்கா இதே மார்க்குக்கு அந்த காலேஜில் சேர்ந்தாள்” என்ற பேச்சை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். ரேங்க்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

கட் ஆஃபைப் படிக்கத் தெரிய வேண்டும்

முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், கடைசியாகச் சீட் வாங்கியவரின் ரேங்க் என்ன என்பதைக் கே.இ.ஏ. தளத்தில் பார்க்கலாம். அதைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உங்கள் பிரிவு. பொதுப் பிரிவு, கிராமப்புறம், கன்னட வழி, 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி, எஸ்சி, எஸ்டி, கல்யாண கர்நாடகப் பகுதிக்கான 371ஜே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட் ஆஃப். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு 2ஏ மாணவர் மனம் தளர்வதும், கிராமப்புற எண்ணைப் பார்த்துவிட்டு நகர மாணவர் மகிழ்வதும் வீண்.

இரண்டாவது, சுற்று. முதல் சுற்றில் முன்னணி ரேங்க்காரர்கள் எல்லோரும் சீட்டைப் பிடித்திருப்பார்கள். ஐஐடி, என்ஐடி, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் என்று அவர்கள் நகர நகர, அடுத்தடுத்த சுற்றுகளில் கட் ஆஃப் இறங்கிவரும். முதல் சுற்று எண்ணையும் கடைசிச் சுற்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இடங்களின் எண்ணிக்கை. 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ தளர்த்தியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மற்றும் அதன் கிளைப் பிரிவுகளில் இடங்கள் கூடும்போது கட் ஆஃப் கீழே இறங்கும். அந்த ஆண்டின் சீட் மேட்ரிக்ஸைப் பார்க்காமல் பழைய எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

நான்காவது, அந்த ஆண்டின் விதி. கொரோனாவால் 2021-ல் பியுசி மதிப்பெண்ணைச் சேர்க்காமல் சிஇடி மதிப்பெண்ணை மட்டும் வைத்து ரேங்க் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2022-ல் மறுபடி எழுதிய மாணவர்களின் பியுசி மதிப்பெண்ணைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போய், ரேங்க் பட்டியலே திருத்தப்பட்டது. அந்த இரண்டு ஆண்டு எண்களை ஒதுக்கிவிட்டு, கடைசி மூன்று ஆண்டுகளை மட்டும் பாருங்கள்.

கணினி எப்படிப் பங்கிடுகிறது?

எல்லாக் குழப்பமும் தீர்வது இங்கேதான். ஒதுக்கீடு செய்யும் கணினி, முதல் ரேங்க்காரரின் பட்டியலைத் திறந்து அவர் முதலில் எழுதியதைக் கொடுக்கிறது. பிறகு இரண்டாம் ரேங்க், மூன்றாம் ரேங்க். உங்கள் ரேங்க் 18,000 என்றால், உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, இடம் மிச்சமிருக்கும் முதல் விருப்பத்தை உங்களுக்குக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிவருகின்றன. எட்டாத கல்லூரியை முதலிடத்தில் எழுதினால் கீழே இருக்கும் கல்லூரிக்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. கணினி அதைத் தாண்டி அடுத்ததற்கு வரும், அவ்வளவுதான். இன்னொன்று, 20,000 ரேங்க் எடுத்தவர் ஒரு கல்லூரியை முதல் விருப்பமாகவும், நீங்கள் அதையே முப்பதாவது விருப்பமாகவும் எழுதியிருந்தாலும், உங்கள் முறை அந்த முப்பதாவது வரை வந்தால் சீட் உங்களுக்குத்தான். முதலிடத்தில் எழுதியதற்காக யாருக்கும் சலுகை இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை, ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் போகும். ஆசைப்பட்டதை எழுதிக் கிடைக்காமல் போனால், இரண்டாவது விருப்பமும் அதற்குள் நிரம்பிவிடும். அங்கே பயந்து எழுதுவதில் நியாயம் இருந்தது. மனதில் உள்ளதை எழுதும் குடும்பம் ஏமாறுகிறது என்று பொருளியல் அறிஞர்கள் சுட்டிக்காட்டிய பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த முறைக்கு அடிப்படையான கணிதத்தை 1962-லேயே கல்லூரிச் சேர்க்கையை உதாரணமாக எடுத்து எழுதியவர்கள் டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி. ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். பாஸ்டன் பெற்றோருக்கு இருந்த பயம் பெங்களூரு பெற்றோருக்கு வேண்டாம்.

அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் எட்டாதது, எட்டக்கூடியது, உறுதியானது என்று மூன்றாகப் பிரித்துச் சில கல்லூரிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிப் பணம், தனிக் கட்டுரை என்பதால் அங்கே பட்டியல் சுருங்குகிறது. இங்கே அப்படி இல்லை. நூறு விருப்பம் எழுதினாலும் விருப்பத்துக்கு ஒரு கட்டணம் என்று வாங்குவதில்லை. தனிக் கட்டணம் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மட்டும் அந்தச் சிக்கனம் பொருந்தும்.

பட்டியல் போடும் முறை

கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். பசவனகுடியில் 1946-ல் தொடங்கிய பி.எம்.எஸ். கல்லூரியில் மெக்கானிக்கலா, வேறொரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா? விஸ்வேஸ்வரய்யா 1917-ல் தொடங்கிய யுவிசிஇயில் குறைந்த கட்டணத்தில் சிவிலா, மைசூரு சாலை ஆர்.வி. கல்லூரியில் ஏதாவது ஒரு பிரிவா? இவற்றுக்கு ஊர் சொல்லும் பதில் கிடையாது. பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த இரண்டு சீட்டும் இப்போது உன் கையில் இருந்தால் எதை எடுப்பாய்?” அந்தப் பதில்படி ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொரு புது விருப்பத்தையும் இப்படியே இரண்டிரண்டாக ஒப்பிட்டு அதனதன் இடத்தில் செருகினால் முழு வரிசையும் கிடைத்துவிடும். இந்தக் கட்டத்தில் கட் ஆஃப் தாளை மூடி வைத்துவிடுங்கள்.

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது? அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு நாக் மதிப்பீடு இருந்தாலும் பாடப்பிரிவுக்கு என்பிஏ இல்லாமல் போகலாம். விளம்பரப் பலகையில் இருக்கும் உச்சபட்சச் சம்பளத்தை மறந்துவிட்டு, என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த தகவலில் இடைநிலைச் சம்பளத்தையும் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் படியுங்கள். தூரத்தையும் கணக்கில் எடுங்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோ 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு முதல் செல்லகட்டா வரை முழுதாக ஓடத் தொடங்கியபின் கே.ஆர்.புரத்துப் பிள்ளைக்கு மைசூரு சாலை பக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மஞ்சள் லைன் பொம்மசந்திரா பக்கத்துப் பிள்ளைகளுக்கு நகரத்தைத் திறந்துவிட்டது. கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலேறி வரும் பிள்ளைக்கோ, ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் கல்லூரி தினம் இரண்டு மணி நேரத்தை மிச்சமாக்கும்.

வரிசை முடிந்த பிறகு கட் ஆஃப் தாளைத் திறங்கள். இப்போது பார்க்க வேண்டியது பட்டியலின் அடிப்பகுதியை மட்டும். உங்கள் ரேங்க் 18,000 என்றால், கடந்த மூன்று ஆண்டுகளிலும் 25,000, 30,000 தாண்டியும் இடம் இருந்த விருப்பங்கள் கடைசியில் சில இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் குட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். கீழே சேர்த்துக்கொண்டே போங்கள். ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள்.

குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் எஸ்என்கியூ எனப்படும் கூடுதல் 5 சதவீத இடங்களையும் மறக்க வேண்டாம். அதில் கல்விக் கட்டணம் தள்ளுபடி. அதற்கு வருமானச் சான்றிதழ் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

மாக் அலாட்மென்ட், பிறகு நான்கு வழிகள்

முதல் சுற்றுக்கு முன் கே.இ.ஏ. ஒரு மாதிரி ஒதுக்கீடு வெளியிடுகிறது. அதில் ஒரு சீட் வந்தால் கொண்டாடுவதும் வராவிட்டால் அழுவதும் வேண்டாம். அதைப் பார்த்துப் பல்லாயிரம் பேர் தங்கள் பட்டியலை மாற்றுவார்கள். மாக் அலாட்மென்ட் சொல்வது ஒன்றுதான்: உங்கள் பட்டியலின் அடி போதுமான ஆழத்தில் இருக்கிறதா இல்லையா.

உண்மையான ஒதுக்கீடு வந்ததும் நான்கு வழிகள் திறக்கும். சாய்ஸ் 1, இதுவே போதும், சேருகிறேன். சாய்ஸ் 2, இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறுகிறேன். சாய்ஸ் 3, இது வேண்டாம், அடுத்த சுற்றில் பார்க்கிறேன். சாய்ஸ் 4, விலகுகிறேன்.

சாய்ஸ் 2 எடுப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. அடுத்த சுற்றில் மேலே உள்ள விருப்பம் ஒன்று கிடைத்துவிட்டால், கையில் இருந்த சீட் தானாகவே போய்விடும். இடைப்பட்ட நாட்களில் மனம் மாறி, மேலே எழுதிய சிலவற்றில் ஆசை போயிருக்கும். அவற்றை அடுத்த சுற்றுக்கு முன் நீக்கிவிடுங்கள். சாய்ஸ் 3-ஐக் கோபத்தில் அமுக்காதீர்கள். கட்டணம், கடைசித் தேதி ஆகியவற்றுக்கு அந்த ஆண்டின் கையேடுதான் பிரமாணம்.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக

அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, கர்நாடகத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான தகுதி விதி. பாதியில் ஊர் மாறிவந்த பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களை இப்போதே எடுத்துவையுங்கள். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி பட்டியலில் இருக்கும் சாதி கர்நாடகப் பட்டியலில் வேறு பிரிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கர்நாடகத் தாசில்தார் கொடுத்த, ஆர்டி எண் உள்ள சான்றிதழ்தான் இங்கே செல்லும். சிபிஎஸ்இ, ஐஎஸ்சி மாணவர்கள் 12-ம் வகுப்பு மதிப்பெண்ணைக் கே.இ.ஏ. தளத்தில் ஏற்றாவிட்டால் பொறியியல் ரேங்க்கே வராது.

தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு இரண்டாவது கதவு ஒன்றும் இருக்கிறது. நுழைவுத் தேர்வை 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒழித்த தமிழ்நாடு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. வெளிமாநிலத்தில் படித்தவர்களும் இருப்பிடச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிக்கலாம். சிஇடியில் சறுக்கிய, ஆனால் 12-ம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைக்கு கிண்டியும் கோவையும் திறந்தே இருக்கின்றன.

என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. அங்கே சொந்த மாநிலம் என்பது 12-ம் வகுப்பு தேறிய மாநிலம்தான். பெங்களூருவில் 12 முடித்தால் சூரத்கல், ஓசூரில் முடித்தால் திருச்சி. பதினோராம் வகுப்புக்குப் பள்ளி மாற்றும்போதே இதை யோசிக்க வேண்டும்.

கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள்

சீட் வேண்டாதவர்களின் பெயரில் சீட்டைப் பிடித்துவைத்துக் கடைசியில் விட்டுவிடும் மோசடி குறித்து, 2024 நவம்பரில் மல்லேஸ்வரம் காவல் நிலையத்தில் கே.இ.ஏ. புகார் கொடுத்தது. ஆணைய ஊழியர் ஒருவர் உட்பட 10 பேர் டிசம்பரில் கைது செய்யப்பட்டார்கள். மாணவர்களின் லாகின் விவரங்கள் வேறு ஆட்கள் கையில் இருந்ததுதான் இந்த மோசடிக்கு வழி. சைபர் சென்டரில் உட்கார்ந்து எழுதினாலும் பிள்ளையே எழுதட்டும். ஓடிபி வரும் போன் வீட்டிலேயே இருக்கட்டும். எழுதி முடித்ததும் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

செய்ய வேண்டியது யார்?

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதுதான் அநீதி. படித்த அப்பா, ஐடி வேலையில் இருக்கும் மாமா, பணம் வாங்கும் ஆலோசகர் என்று யாராவது உள்ள வீட்டில் இந்த அறிவு இருக்கிறது. வீட்டிலேயே முதல் முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இல்லை. ஒரே ரேங்க் எடுத்த இரண்டு பேரில் ஒருவர் பயந்து எழுதிய பட்டியலால் கீழே போவது, நுழைவுத் தேர்வு எந்த நோக்கத்துக்காக வந்ததோ அதையே கெடுக்கிறது.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது, ஏன் பயப்பட வேண்டாம் என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எளிய மொழியில், உதாரணத்தோடு கே.இ.ஏ. எழுத வேண்டும். கட் ஆஃப் எண்களை மூன்று ஆண்டுக்குச் சேர்த்து ஒரே அட்டவணையாகத் தர வேண்டும். ஆப்ஷன் என்ட்ரி நடக்கும் நாட்களில் ஒவ்வோர் அரசு பியு கல்லூரியிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் மாணவர்களோடு உட்கார வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் அந்த நாட்களில் உதவி மையம் திறந்தால் எத்தனையோ வீடுகள் தெளிவு பெறும். படித்து ரேங்க் வாங்குவது பிள்ளையின் பொறுப்பு. அந்த ரேங்க் எவ்வளவு தூரம் கொண்டுபோகுமோ அவ்வளவு தூரமும் அந்தப் பிள்ளை போய்ச் சேரும்படி வழிகாட்டுவது பள்ளிக்கும் அரசுக்கும் உள்ள கடமை.